பந்தல் போடாத வருஷத்து வரி

கம்பியிலிருந்து ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. சட்டென்று எழுந்துவிட்டேன். மடியில் இருந்த ரசீதுகள் முற்றத்தில் சிதறின. "பெரியப்பா ஏன் ரெண்டு வருஷம் கட்டினார்?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பின்கட்டில் சித்தியின் தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று புதன்கிழமை. அந்த மெஷினை ஜப்தி ஆள் தூக்கிக்கொண்டு போக இன்னும் இரண்டே நாள் இருந்தது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் போகும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. வாசலில் பார்த்தால் ஒரே வீடு, உள்ளே மூன்று. முன்கட்டில், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவும் பெரியம்மாவும். நடுக்கட்டில் பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவும், அம்மாவும், காலேஜில் இண்டர்மீடியட் படிக்கும் நானும். பின்கட்டில் சித்தி மட்டும். சித்தப்பா காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. தெருவில் உள்ள வீடுகளுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துத்தான் சித்தி சாப்பிடுகிறாள்.

மூன்று கட்டுகளையும் மூன்று பிள்ளைகளுக்கென்று உயில் எழுதி வைத்துவிட்டுத்தான் தாத்தா போனார். கார்ப்பரேஷன் புத்தகத்தில் மட்டும் வீடு இன்னும் ஒன்றாகவே இருக்கிறது, அதுவும் தாத்தா பெயரில். வரியை யார் கட்டுவது என்பதற்கும் அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பங்குனி உற்சவத்துக்கு எங்கள் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். அது வருஷத்துக்கு ஒருவர் முறை. எந்த வருஷம் யார் பந்தல் போடுகிறாரோ, அந்த வருஷத்து இரண்டு அரை வருஷ வரியையும் அவரே கட்ட வேண்டும். கட்டிய பிறகு ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கூடத்துக் கம்பியில் குத்த வேண்டும். பெரியப்பா, அப்பா, சித்தப்பா, மறுபடி பெரியப்பா என்று சுற்றி வரும். பந்தல் மூங்கில் வந்து வாசலில் இறங்கினால் வரி ஞாபகம் வரும். தேதி பார்க்கவே வேண்டாம்.

சித்தப்பா இறந்தது மாசியில். அடுத்த மாதம் வந்த பங்குனி அவருடைய முறை. சாவு நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, அண்ணன்மார்களுக்கும் கிடையாது. அதனால் அந்த வருஷம் பந்தலும் இல்லை, மூங்கிலும் வரவில்லை. மூங்கில் வராததால் வரி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு நோட்டீசுகள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் முறைக்காரர் தன் வருஷத்து வரியைக் கட்டினார். 'பழைய பாக்கி' என்று போட்டிருந்ததைத் தன்னுடையது இல்லை என்று நினைத்து, நோட்டீசையும் அதே கம்பியில் குத்திவைத்தார். அப்பாவும் அப்படித்தான் செய்திருந்தார். நானே பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் வசூல்காரர் வந்தார். தலைப்பாகை, கோட்டு, கையில் வாரண்ட். கூடவே ஒரு சேவகன். பெரியப்பா ஜன்னலில் பார்த்துவிட்டு முன்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பாதான் பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்குப் போய் நின்றார். வாரண்டில் உள்ள பெயருக்கு உரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறதே என்று மெதுவாகச் சொன்னார்.

"இன்னா சாமி, மூணு தபா நோட்டீசு குடுத்துக்கினு போனேன். ஒவ்வொரு தபாவும் தாத்தா இல்லேன்றீங்க," என்றான் சேவகன். "தாத்தா இல்லாட்டி இன்னா, வூடு கீதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

முன்கட்டு சாத்தியிருந்ததால் அவர்களும் அதே சந்து வழியாகப் போனார்கள். மெஷின் சத்தம் அவர்களை நேரே பின்கட்டுக்குக் கூட்டிப்போய்விட்டது. சித்தி தைப்பதை நிறுத்தி, தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். வசூல்காரர் சுற்றிப் பார்த்தார். பாத்திரம், பாய், கொடியில் இரண்டு புடவை. 'தையல் மெஷின் ஒன்று' என்று எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை வருவதாகவும், அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் தொடமாட்டோம் என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர்கள் போன பிறகு மெஷின் சத்தம் மறுபடி கேட்க வெகு நேரம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். நான் கூடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கட்டாத வருஷம் யார் முறை? தம்பி முறை. தம்பி இல்லேன்னா அவன் பொண்டாட்டிதானே கட்டணும்? அவளால முடியாது. நான் பாக்கி பூராவும் கட்டிடறேன். அவ பின்கட்டை எனக்கு விட்டுக் கொடுத்ததா ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடட்டும். சைதாப்பேட்டைல அவளோட அண்ணா ஆம் இருக்கு. மெஷினை எடுத்துண்டு போய் அங்க தெச்சுக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லை."

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டார் அப்பா.

"அவ சொல்ல என்ன இருக்கு? வியாழக்கிழமை பத்திரம் ரெடி."

அப்பா நடுக்கட்டுக்குத் திரும்பிவிட்டார். அண்ணா முன்னால் அவர் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரி அப்பாவைப் பார்க்கவே கோபமாக இருந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அதனால்தான் மறுநாள் கம்பியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் போட்டுக்கொண்டேன்.

ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி, பின்பக்கக் கையெழுத்துகளைப் பார்த்தேன். சித்தப்பா போன வருஷத்துக்கு ரசீதே இல்லை. அதற்கு அடுத்த வருஷம் இரண்டு ரசீதிலும் பெரியப்பா கையெழுத்து. அதற்கும் அடுத்த வருஷம் மறுபடி பெரியப்பா. பிறகுதான் அப்பா.

வெற்றிலைக்காரியிடம் நூறு இலைக் கவுளியை நான்கு தரம் எண்ணி வாங்குகிறவர் பெரியப்பா. அவர் அடுத்தடுத்து இரண்டு வருஷம் தன் பணத்தைக் கட்டுவாரா?

பின்கட்டுக்கு ஓடினேன். சித்தி ஒரு பச்சை ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் போவதற்குள் தெருவில் வாங்கிய துணி எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வேகமாகத் தைத்தாள்.

"சித்தி, சித்தப்பா போனதுக்கு அடுத்த வருஷம் பந்தல் யார் செலவு?"

"ஏன் கேக்கறே?"

"சொல்லேன்."

"என் வளையல்," என்றாள். நிமிரவில்லை. "போட்டுக்க முடியாததை வெச்சுண்டு என்ன பண்றது? ஒரு வருஷம் நின்னுபோன முறையை நான் நடத்திடறேன்னு பெரியம்மா மூலமாச் சொன்னேன். வித்துப் பணமாக் கொடுத்தேன்."

"வரி?"

"அதுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன். ரெண்டு அரை வருஷத்துக்கும்."

எனக்கு அந்தப் பங்குனி ஞாபகம் வந்தது. அப்போது நான் பாவாடை தாவணி கட்டிக்கொண்டிருந்தேன். சித்தி இங்கேதான் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து மோர் கடைந்தாள், இஞ்சி தட்டினாள், கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாள். பானைகளை இடுப்பில் வைத்து வாசலுக்குக் கொண்டுபோனது நான். புருஷன் இல்லாதவள் உற்சவத்தன்று வாசலில் வந்து நிற்கக் கூடாது. அதனால் பந்தலில் நின்று குவளையால் எடுத்துக் கொடுத்தவர் பெரியப்பா. நெற்றி நிறைய விபூதி, தோளில் புது அங்கவஸ்திரம். குடித்தவர்கள் எல்லாரும் அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள். அது பெரியப்பா பந்தல் என்றுதான் தெரு முழுவதும் நினைத்தது. பானை தூக்கிய நானும் அப்படியேதான் நினைத்தேன்.

"ஏன் சித்தி இதை நீ சொல்லவே இல்லை?"

"யார் கேட்டா?" மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "வாசல்ல போய் நின்னுண்டு, எல்லாரும் கேட்டுக்கோங்கோ, இது என் மோர்னு சொல்லணுமா?"

"நாளைக்குச் சொல்லணும்."

"நீ பேசாம இரு. உங்கப்பாவுக்கும் அவருக்கும் சண்டை வந்தா, கடைசியில என் தலையிலதான் விடியும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்த ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு உட்கார எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் நான் காலேஜுக்குப் போகவில்லை. கூடத்தில் பெரியப்பா பலகையில் உட்கார்ந்திருந்தார். எதிரே முத்திரைத் தாள், மைக்கூடு, பேனா. அப்பா சுவரோரம் நின்றார். அம்மா சமையல் அறைக் கதவுக்குப் பின்னால். சித்தி நடைக்கதவை ஒட்டி, பாதி உள்ளே பாதி வெளியே நின்றாள். நான் போய்ப் பெரியப்பாவுக்கு எதிரே தரையில் ரசீதுகளை வரிசையாகப் பரப்பினேன். ஒரு ரசீது தலைகீழாக விழுந்தது. திருப்பி வைத்தேன்.

"என்னடி இது, கோலமா?"

"வரி ரசீது, பெரியப்பா. வருஷ வாரியா வெச்சிருக்கேன்."

"எனக்குக் கண்ணு தெரியறது."

"இந்த நாலும் உங்க கையெழுத்து. ரெண்டு வருஷம், அடுத்தடுத்து."

"கட்டினேன். கையெழுத்துப் போட்டேன். அதுக்கென்ன இப்போ?"

"முறைப்படி ஒரு வருஷம்தானே வரும்?"

"குடும்பத்துக்காக இன்னொரு வருஷம் கட்டியிருப்பேன்."

கதவுக்குப் பின்னால் அம்மா இருமினாள். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"முதல் வருஷப் பணம் சித்தியோடது," என்றேன். "வளையல் வித்த பணம். அவ முறையை அவ நடத்தியாச்சு. அதுக்கப்புறம்தான் உங்க முறை. நின்னுபோன வருஷம் யார் முறையும் இல்லை. பந்தலே போடலை. அந்தப் பாக்கி மூணு பேருக்கும் பொது."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "காலேஜுக்கு அனுப்பினே. இப்போ என்னைத் திருடன்னு சொல்ல வந்துடுத்து. நன்னாயிருக்கு. நீயும் இதைத்தான் சொல்றயா?"

முற்றத்தில் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, கத்திவிட்டுப் போயிற்று. அப்பா எப்போதும்போல் 'உள்ளே போ' என்று என்னிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் குனிந்து ஒரு ரசீதை எடுத்தார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

"அண்ணா," என்றார். குரல் சன்னமாக இருந்தது. "இந்த ரெண்டாவது வருஷம் என் முறைன்னு நினைச்சு நான் பணத்தை எடுத்துண்டு உங்ககிட்ட வந்தேன். நீங்கதான், 'போன வருஷம் அவளோடதுடா, இந்த வருஷம் என்னோடது, உனக்கு அடுத்த வருஷம்'னு திருப்பி அனுப்பினேள்."

"அப்படியா சொன்னேன்?"

"சொன்னேள். இதே பலகைல உக்காந்துண்டு சொன்னேள். எனக்கு இது திங்கட்கிழமையே ஞாபகம் வந்துடுத்து."

திங்கட்கிழமையே. எனக்குத் தலையில் குட்டினதுபோல் இருந்தது. மூன்று நாளாக அவரும் தெரிந்துகொண்டேதான் சுவரோரம் நின்றிருக்கிறார். இதை எழுதும்போதும் அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அண்ணாவுக்கு எதிரே வாய் திறக்க அவருக்கு மூன்று நாளாவது ஆகும் என்பதும் எனக்குப் புரிகிறது.

பெரியப்பா பேனாவைத் துடைத்தார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, தெரிந்தே செய்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் நின்று கொடுத்து, மூன்று வருஷமாகத் தெருவாரின் புகழ்ச்சியையும் கேட்டு, கடைசியில் அவரும் அதைத் தன் பந்தல் என்றே நம்பியிருக்கலாம்.

அப்போது சித்தி பேசினாள். மைத்துனருக்கு நேரே அவள் பேசுவதில்லை. பெரியப்பா ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்க, அவள் என்னிடம் சொன்னாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லு. நான் கையெழுத்துப் போடலை. பாக்கியில மூணுல ஒரு பங்கு நான் தரேன். மத்ததை அவா பாத்துக்கட்டும்."

பெரியப்பாவும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "அவகிட்ட சொல்லு. நாளைக்கு அவன் வந்து மெஷினைத் தூக்கறச்சே நான் வெளியே வரமாட்டேன்னு சொல்லு."

முத்திரைத் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். இரண்டு பேருக்கும் நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே வந்தார்கள். அப்பா தன் பங்கைச் சம்பளத்தில் முன்பணமாக வாங்கி வந்திருந்தார். சித்தியின் பங்கு முழுவதும் சில்லறை, துணி தைத்த காசு. மூன்றாவது பங்கு முன்கட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது. வசூல்காரர் எண்ணிப் பார்த்தார்.

"முழுசா இல்லையே."

"இன்னொரு பங்கு வரணும்," என்றார் அப்பா.

"எப்போ?"

அப்பா முன்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வசூல்காரர் சேவகனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் மெஷினை அடியில் கை கொடுத்துத் தூக்கினான். ஊசியில் இருந்த நூல் இழுபட்டு, பாதி தைத்த பச்சை ரவிக்கையும் கூடவே எழும்பியது. சித்தி முன்னால் வந்து, கத்தரியால் நூலை மட்டும் வெட்டி, ரவிக்கையை எடுத்துக்கொண்டாள். "இது எதிராத்து மாமியோடது," என்றாள். நேராக அவர்களிடமே சொன்னாள்.

வசூல்காரர் அந்த ரவிக்கையையும் சில்லறைக் காசையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னவோ கணக்குப் போட்டார். இந்தப் பணத்தில் ஒரு அரை வருஷப் பாக்கி முழுவதும், ஜப்திச் செலவும், இன்னொன்றில் கொஞ்சமும் அடைகிறது என்றார். மீதிக்கு இந்த மாசக் கடைசி வரை தான் பொறுக்கலாம், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

"தூக்குனத மறுக்கா எறக்கவா?" என்று கேட்டான் சேவகன்.

"இறக்கு."

"நல்லா கனமாத்தான் கீது," என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டே அவன் அதை முன்பு இருந்த இடத்திலேயே வைத்தான்.

நான் சும்மா விடவில்லை. எங்களுக்குள் உள்ள இந்தக் குழப்பம் திரும்ப வராமல் இருக்க வழி உண்டா என்று வசூல்காரரைக் கேட்டேன். மூன்று கட்டுக்கும் தனித் தனி நம்பர் கேட்டு, உயில் நகலோடு மனுக் கொடுத்தால் அளந்து பார்த்துப் பிரிப்பார்கள் என்றார். பிறகு அவரவர் நோட்டீஸ் அவரவர் பெயருக்கே வரும். ஆனால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ரசீதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதைத் திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் சித்தியிடம் கொடுத்தேன். அந்தக் கம்பியில் இருக்கும் ரசீதுகளில் ஒரு பெண் கையெழுத்துக்கூட இல்லை. சித்தி ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரையும் எழுதினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கி நின்றது. அதற்குக் கீழே அப்பா போட்டார்.

மனுவை அன்று மாலையே எழுதிவிட்டேன். இரண்டு கையெழுத்து ஆகிவிட்டது. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது. மாசக் கடைசிக்கு இன்னும் இருபது நாள். பெரியப்பா எங்களோடு பேசுவதில்லை. பெரியம்மா மட்டும் நேற்றுக் கொல்லைப் பக்கம் வந்து, "பணத்தை எண்ணி வெச்சிருக்கார். கொடுக்கத்தான் கூச்சமா இருக்கு போலிருக்கு," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இதற்கிடையில் பங்குனி வருகிறது. இந்த வருஷம் முறை சித்தியுடையது. நேற்று மூங்கில்காரனுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள். சொல்லிவிட்டு, சக்கரத்தை ஓட்டிக்கொண்டே, "இந்தத் தடவை மோர் நான்தான் கொடுக்கப்போறேன். வாசல்ல நின்னு," என்றாள்.

"தெருவுல ஏதாவது சொல்லுவா, சித்தி."

"போன தடவை உள்ளே உக்காந்தேன். என்ன ஆச்சுன்னு பாத்தியோன்னோ?"

அவள் கையிலிருந்து வாங்கிக் குடிக்க யார் வருவார்கள், யார் ஒதுங்கிப் போவார்கள் என்று நேற்றிலிருந்து மனசுக்குள் எண்ணிப் பார்க்கிறேன். எதிராத்து மாமி வருவாள், ரவிக்கைக் கடன் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. பெரியப்பா மட்டும் நிச்சயம் வருவார். உற்சவத்தன்று காலை எட்டு மணிக்கு விபூதி இட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்காமல் அவரால் இருக்க முடியாது. வந்தால் அந்த இடத்தில் சித்தி நின்றுகொண்டிருப்பாள். முதல் குவளையை அவரிடம் நீட்டுவதாக இருக்கிறாள். நான் பக்கத்தில் பானையோடு நிற்பேன். மனுவும் பேனாவும் என்னிடம் இருக்கும்.